மகள் பெயரில் ஓர் ஆமை வண்டு

1

ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் தவறாமல் மூன்று கேள்விகள் கேட்பார்கள். நல்லா இருக்கியா? எஸ்தர் தமிழ் பேசுறாளா? நீ அங்க என்னதான் செய்றே? முதல் கேள்விக்கு ஆமாம் என்பேன். இரண்டாவது கேள்வி என் மகளைப் பற்றியது, அதற்கு இருமல் வந்துவிடும். மூன்றாவது கேள்விக்கு, "ஆப்பிரிக்க வண்டுகளுக்குப் பேர் வைக்கேன்" என்று உண்மையைச் சொன்னால் எதிர்முனையில் சத்தமே இருக்காது. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்துப் போனை வைத்துவிடுவார்கள். பர்மா லைன்தானே, எதற்கும் அதன் மேலேயே பழியைப் போட்டுவிடலாம்.

இந்த ஆடியோடு நான் யாங்கோனுக்கு வந்து பதினாறு வருஷம். அதற்காக ஆல்பர்ட் ஒரு கேக் வாங்கி வந்தார். ஆல்பர்ட் என் கணவர். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் வேலை. அவருடைய தாத்தா குமாஸ்தா உத்தியோகத்துக்காகத் திருநெல்வேலியிலிருந்து கப்பல் ஏறியவர். ஆல்பர்ட் இங்கேயே பிறந்து, இங்கேயே லுங்கி கட்டி, வெற்றிலை போட்டு வளர்ந்தவர். கேக்கை வெட்டும்போது, "பதினாறு வருஷமா நாம ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்கோம். உன் பெட்டியும் இருக்கு" என்றார்.

பெட்டி என்றால் என் சீர்ப்பெட்டி இல்லை. பாளையங்கோட்டையில் நான் இலை வண்டுகளில் ஆராய்ச்சி முடித்த கையோடு கல்யாணம் நிச்சயமானது. என் ஆசிரியர் ஐரோப்பிய அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து இரவல் வாங்கி வைத்திருந்த ஒரு பெட்டியை என் பெயருக்கு மாற்றி எழுதி, "போற ஊர்ல சும்மா இருக்காத" என்று கையில் கொடுத்துவிட்டார். உள்ளே கிழக்கு ஆப்பிரிக்காவில் பிடித்த ஆமை வண்டுகள் ஊசியில் குத்தி வரிசையாக இருந்தன. நகைப் பெட்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வண்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறிய மணப்பெண் நானாகத்தான் இருப்பேன்.

இரவல் என்றதும் பதறாதீர்கள். எங்கள் தொழிலில் பெட்டிகள் இருபது, முப்பது வருஷம்கூட வெளியே இருக்கும். திருப்பித் தராமலே செத்துப்போனவர்களும் உண்டு. அந்தப் பட்டியலில் சேரக் கூடாது என்பதுதான் என் வைராக்கியம்.

2

ஆமை வண்டு தெரியும்தானே? சக்கரைவள்ளிக் கொடியிலும் வள்ளைக்கீரையிலும் உட்கார்ந்திருக்கும். சுண்டுவிரல் நகம் அளவு. ஓடு நாலு பக்கமும் கண்ணாடி விளிம்போடு நீண்டு, தலையும் காலும் உள்ளே மறைந்திருக்கும். உயிரோடு இருக்கும்போது பல இனங்கள் தங்கம் மாதிரி மினுங்கும். செத்துக் காய்ந்தால் தங்கம் போய்விடும், வெறும் மஞ்சள்தான் மிஞ்சும். எங்களுக்கு வந்து சேருவதெல்லாம் தங்கம் போன வண்டுகள்.

ஒரு வண்டு புது இனம் என்று சொல்வது லேசான காரியம் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் எவரோ எழுதிய நாலு வரி வர்ணனையைத் தேடிப் பிடித்து, அது இதுதானா என்று பார்க்க வேண்டும். முதுகில் மேடு எவ்வளவு, குழிப்புள்ளிகள் வரிசையாக இருக்கின்றனவா, சிதறிக் கிடக்கின்றனவா, மீசையில் எத்தனையாவது கணுவிலிருந்து கறுப்பு, நகத்தில் சீப்புப் பல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒத்துப்போனால் கடைசியில் ஆணின் வயிற்றைத் திறந்து உறுப்பைப் பார்க்க வேண்டும். அதன் வளைவுதான் எங்களுக்குக் கைரேகை. இதை மாதர் சங்கத்தில் சொல்ல முடியாததால் அங்கே நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று யாருக்கும் தெரியாது.

யாங்கோனில் லத்தா என்ற பகுதியில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. ஜன்னல் ஓரத்தில் மைக்ராஸ்கோப். மின்சாரம் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம் என்பதால், அடியில் கண்ணாடி வைத்த பழைய மாடல்தான் சரிப்படும். வெயில் இருந்தால் போதும். மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. "மீ லா பீ!" என்று தெருவே கத்தும், கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு மைக்ராஸ்கோப்புக்கு ஓடுவேன். ஆல்பர்ட் அடுப்பை அணைப்பார். எங்கள் குடும்பம் இப்படித்தான் நடக்கிறது.

அந்தப் பெட்டியில் ஒரே மலைச்சரிவில் பிடித்த இரண்டு வகை வண்டுகளுக்கு எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை. ஒன்று முதுகில் கறுப்பு வளையம் போட்டது. இன்னொன்று வெளிறியது, வளையம் இல்லாதது, மேடு கொஞ்சம் தாழ்ந்தது. வெளிறியதில் மூன்றே மூன்றுதான் இருந்தன. இரண்டுமே புது இனங்கள் என்று நம்பிக் கட்டுரை எழுதத் தொடங்கினேன்.

அருங்காட்சியகக் காப்பாளர் யானுக்கு இமெயில் அனுப்பினேன். அவர் ஓய்வு பெறப் போகிறவர். பதில் நல்லதாகத்தான் வந்தது. தன்னிடம் இன்னும் பல இழுப்பறைகள் நிறைய இதே கூட்டத்து வண்டுகள் பெயரில்லாமல் கிடக்கின்றன, போவதற்குள் யார் பொறுப்பிலாவது விட்டாக வேண்டும், வேறு நாட்டில் ஒருவர் மளமளவென்று எழுதித் தள்ளுகிறார், அவரும் கேட்கிறார், உங்கள் கட்டுரை இரண்டு புது இனங்களோடு சீக்கிரம் வந்தால் உங்களுக்காக மேலிடத்தில் பேச முடியும் என்று எழுதியிருந்தார்.

அந்த இழுப்பறைகள் எனக்கு வேண்டும். வேலை இல்லை, பதவி இல்லை, சம்பளம் கிடையவே கிடையாது. ஆனால் அவை வந்தால் சாகும்வரை நான் ஆராய்ச்சிக்காரி. வராவிட்டால் இந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கீரை ஆய வேண்டியதுதான்.

3

புது இனத்துக்குப் பெயர் வைப்பதில் ஒரு நாகரிகம் உண்டு. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது. பிடித்தவர் பெயரோ, இடத்தின் பெயரோ, அன்பானவர்கள் பெயரோ வைக்கலாம். வளையம் போட்டதற்கு அந்த மலையின் பெயர். வெளிறியதற்கு என் மகள் எஸ்தரின் பெயர் என்று முடிவு செய்தேன்.

எஸ்தருக்குப் பதினான்கு வயது. என்னை "மேமே" என்பாள். பர்மிய மொழியில் அம்மா. ஊருக்கு அழைத்துப் போனபோது என் அண்ணன் பிள்ளைகள் ஆட்டுக்குட்டி என்று கேலி செய்தார்கள். அன்றிலிருந்து ஊருக்கு வர மாட்டேன் என்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பர்மிய மொழியில் பதில் சொல்வாள். அவளுக்கு என் தமிழ் முழுக்கப் புரியும், எனக்கு அவள் பர்மியம் பாதி புரியும். இந்தக் கணக்கில் அவள்தான் எப்போதும் ஜெயிப்பாள். என் அறைப்பக்கம் வரவே மாட்டாள். நாப்தலீன் வாசம் தலைவலியாம்.

பெயர் விஷயத்தைச் சொன்னதும் முதல்முறையாக என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எந்தப் பேரு, மேமே?"

"உன் பேருதாண்டி. எஸ்தர். லத்தீன் மாதிரி வால் ஒட்டிக்கிடுவோம்."

"எஸ்தர் வேணாம். ஏ மோனு வை."

ஏ மோ அவளுடைய பள்ளிக்கூடப் பெயர். குளிர்ந்த மழை என்று பொருள். இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு பர்மியப் பெயர் இருக்கும். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை விட்டுவிட்டு அதை ஏன் கேட்கிறாள் என்று எனக்குச் சுருக்கென்றது.

"ஏட்டி, எஸ்தருக்கு என்ன குறைச்சல்?"

"எஸ்தர்னு யாரு கூப்பிடுறாங்க? சர்ச்சுல மட்டும்தான். ஸ்கூல்ல, தெருவுல, எல்லாருக்கும் நான் ஏ மோ. என் பேருனு சொன்னா, என் பேரு வேணும்ல?"

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். ஆல்பர்ட் நடுவில் வந்தார். "யா பா தே, விடு. ஆப்பிரிக்க வண்டு, ஐரோப்பாப் பெட்டி, திருநெல்வேலிக்காரி எழுதுறா. பர்மாப் பேரு ஒண்ணுதான் குறையுது." எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஏ மோ என்றே எழுதினேன். மறுநாள் அவளுடைய வகுப்பு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அவளோடு படிக்கிற பிள்ளைகள் நாலு பேர் மூன்று மாடி ஏறிவந்து பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வாரம் அவள் என்னோடு பேசிய அளவு அதற்கு முந்தின ஒரு வருஷத்தில் பேசியிருக்க மாட்டாள்.

இதற்கிடையில் என் வருஷாந்திர வெளிநாட்டவர் பதிவைப் புதுப்பிக்கப் போனேன். கையெழுத்துப் போடுகிற அதிகாரியைத் தலைநகரோடு சேர்த்து நேப்பிடோவுக்கு மாற்றிவிட்டார்களாம். "நாற்காலி இங்கதான் இருக்கு" என்று குமாஸ்தா ஆறுதல் சொன்னார். நாலு தடவை போய் அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு வந்தேன். ஐந்தாவது தடவை கையெழுத்து வந்திருந்தது.

4

யாங்கோனில் மாடி வீடுகளிலிருந்து தெருவுக்குக் கயிறு தொங்கும். நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. பேப்பர்காரர் செருகிவிட்டு மணியை இழுப்பார். கீரைக்காரம்மா டோ சீயும் அப்படித்தான். க்யிம்யிண்டைங் படித்துறையில் காலையில் இறங்கும் கீரையைக் கூடையில் வாங்கி வந்து, எங்கள் கயிற்றுப் பையில் போட்டு மணியடிப்பார்.

ஒரு நாள் பையில் வந்த கஸூன் கீரையில், அதாவது நம் வள்ளைக்கீரையில், ஓர் ஆமை வண்டு மாடி ஏறி வந்துவிட்டது. இந்த ஊர் இனம்தான், ஆனால் என் பெட்டியில் இருக்கும் ஆப்பிரிக்க வண்டுகளுக்குப் பங்காளி முறை. ஒரே பேரினம். முதுகு முழுக்கத் தங்கம். எஸ்தர் கத்தவில்லை. "இதுதானா என்னோடது?" என்று கேட்டாள்.

"உன்னோடதுக்குச் சொந்தக்காரி."

ஹார்லிக்ஸ் பாட்டிலில் கீரையோடு விட்டோம். அது முட்டையிட்டது. புழு வந்தது. இந்தப் புழுக்கள் தங்கள் எச்சத்தையும் உரித்த தோலையும் வாலில் குவித்து முதுகுக்கு மேல் குடை பிடித்துக்கொள்ளும். "சீ" என்று மூக்கைப் பிடித்தாள். ஆனால் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கீரை மாற்றுவது அவள்தான். நான் அதை ஒன்றும் சொல்லாமல் விட்டேன். சொன்னால் நிறுத்திவிடுவாள்.

ஒரு காலையில் கூட்டுப்புழுத் தோலை விட்டு முதல் வண்டு வெளியே வந்திருந்தது. வெளிறிப்போய், மெத்தென்று இருந்தது. முதுகில் ஒரு கோடு கிடையாது. மேடு சரியாக எழும்பவில்லை. சில நாட்களில் அதன் முதுகில் கறுப்புக் கோடுகள் மெதுவாக ஏறின. தங்கம் அதற்கும் ரொம்ப நாள் கழித்துத்தான் வந்தது.

நான் அந்த முதல் நாளிலேயே கையில் பாட்டிலோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெளிறியது, வளையம் இல்லாதது, மேடு தாழ்ந்தது. என் கட்டுரையில் ஏ மோவுக்கு நான் எழுதிய வர்ணனை வரிக்கு வரி என் முன்னால் கீரைமேல் நடந்துகொண்டிருந்தது.

அன்றுதான் கூட்டை விட்டு வந்த வண்டைப் பிடித்துக் கொன்று ஊசியில் குத்தினால், காய்ந்ததும் அதுவும் கெட்டியாகத்தான் தெரியும். அதைத் தனி இனம் என்று நினைப்பது எங்கள் தொழிலில் பழைய வழுக்கல். பாடத்திலேயே இருக்கிறது. பாளையங்கோட்டையில் நானும் மாணவிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆசை கண்ணை மறைத்துவிட்டது, வேறு காரணமெல்லாம் இல்லை.

5

சந்தேகம் என்றால் அறுத்துப் பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். இரவல் வண்டை உத்தரவில்லாமல் அறுக்கக் கூடாது. இன்டர்நெட் கடைக்குப் போனேன். இமெயில் திறப்பதற்குள் கரண்ட் போனது. மறுபடி போனேன். யான் ஒரே வரியில் அனுமதி கொடுத்தார்: ஒன்றை மட்டும் திறக்கலாம்.

காய்ந்த வண்டை முதலில் வெந்நீரில் ஊறப்போட வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வளையம் போட்ட ஒன்றையும் இன்னொரு கிண்ணத்தில் போட்டேன். அந்த வகையில் ஓர் ஆணை ஏற்கெனவே உத்தரவோடு திறந்து வைத்திருந்தேன். எஸ்தர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவள் வண்டு ஆயிற்றே.

கொஞ்ச நேரத்தில், "மேமே!" என்று என் கையைப் பிடித்தாள்.

வளையம் போட்ட வண்டின் விளிம்பில் தங்கம் வந்திருந்தது. அது செத்தபோது எஸ்தர் பிறக்கவில்லை. தண்ணீர் உள்ளே இறங்கியதும், காய்ந்து போன ஓட்டுக்குள் அந்த மினுக்கம் திரும்பி வந்துவிட்டது. இப்படி வரும் என்று படித்திருக்கிறேன், என் கண்ணால் பார்த்தது அன்றுதான். நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

அடுத்த கிண்ணத்தைப் பார்த்தேன். ஏ மோவில் தங்கம் வரவில்லை. வரவே இல்லை. இருந்தால்தானே வரும்? தங்கம் ஏறும் வயது வரை அது உயிரோடு இருக்கவில்லை.

பிறகு அறுத்தேன். ஆண்தான். உறுப்பு இன்னும் இறுகாமல் வெள்ளையாக, மெல்லியதாக இருந்தது. ஆனால் வளைவு அதே வளைவு. வளையம் போட்ட வண்டின் குஞ்சுதான் ஏ மோ.

6

"அப்போ நான் இல்லையா?" என்று கேட்டாள் எஸ்தர்.

விளக்கினேன். பர்மிய வார்த்தைகள் தெரிந்த வரைக்கும் போட்டு விளக்கினேன். அவள் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு மேஜையில் ஆல்பர்ட் மறுபடி நடுவில் வந்தார். "அப்படியே அனுப்பிரேன். அந்த மலைக்கு யாரு போய்ப் பார்க்கப் போறாங்க? வண்டு கோர்ட்டுக்கா போகும்? பிள்ளை ஸ்கூல்ல எல்லார்ட்டயும் சொல்லியாச்சு. உனக்கும் பெட்டிங்க வரும்."

நியாயமான பேச்சுதான், அதுதான் கஷ்டம். மூன்றே வண்டுகள், அடுத்த ஐம்பது வருஷத்துக்கு யாரும் அந்தப் பக்கம் திரும்பாமலே போகலாம். இரண்டு இனம் என்றால் இழுப்பறைகள் என் வீட்டுக்கு, ஒன்று என்றால் அந்த மளமள மனிதர் வீட்டுக்கு. என் பிள்ளை முதல்முறையாக என் பக்கத்தில் நாற்காலி போட்டிருக்கிறாள், அதுவும் அந்த வண்டுக்காகத்தான்.

எஸ்தர் தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டாள். "தப்புனு யாராச்சும் கண்டுபிடிச்சா, பேரை அழிச்சிருவாங்களா?"

"அழிக்க மாட்டாங்க. ஒரு தடவை அச்சுல வந்த பேரு போகவே போகாது. சரியான பேருக்குக் கீழ சின்ன எழுத்துல, இன்னார் தப்பா வெச்ச பேருன்னு போட்டு வைப்பாங்க."

"எப்பவுமா?"

"எப்பவும்தான்."

"அது வேணாம்" என்றாள். தமிழில் சொன்னாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

மறுநாள் ஏ மோவின் பக்கங்களைக் கட்டுரையிலிருந்து எடுத்தேன். அந்த மூன்று வண்டுகளையும் வளையம் போட்டதன் கீழ் சேர்த்து, 'அண்மையில் கூடு விட்டவை, வளையம் உருவாகவில்லை' என்று ஒரு பத்தி எழுதினேன். மலைப் பெயர் கொண்ட ஒரே ஒரு புது இனத்தோடு யானுக்கு அனுப்பினேன். இரண்டு சொன்னேன், ஒன்றுதான் நிற்கிறது, மன்னிக்கவும் என்றும் சேர்த்தேன். இன்டர்நெட் கடையிலிருந்து வரும் வழியில் எனக்கு யார்மீதென்று இல்லாமல் ஒரே கோபம். மழைமீது, கரண்ட்மீது, கஸூன் கீரைமீது. டோ சீயிடம் அன்று கீரையே வாங்கவில்லை.

பள்ளியில் எஸ்தர் எப்படிச் சமாளித்தாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டால், "சொல்லிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். பாட்டில் வண்டுகளுக்குக் கீரை மாற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை.

மழை முழுக்க ஓய்ந்த பிறகுதான் பதில் வந்தது. கட்டுரை அச்சுக்குப் போகிறது. பிறகு ஒரு வரி: "நான் சோதித்துப் பார்க்க அனுப்பிய வண்டுகளில், இழுப்பறைகளைக் கேட்ட இன்னொருவர் கண்டதெல்லாம் புது இனம். நீங்கள் ஒன்றைக் குறைத்திருக்கிறீர்கள். இழுப்பறைகளை உங்களுக்கு அனுப்புகிறேன்."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி நான் சத்தம் போட்டுவிட்டேன். என்ன மொழியில் என்று நினைவில்லை.

7

பெட்டிகள் கோடை விடுமுறையில் வந்து சேர்ந்தன. பார்சல் சுங்க அலுவலகத்துக்கு எஸ்தரையும் அழைத்துப் போனேன். அதிகாரி நடுத்தர வயதுக்காரர், பாவம், வெயிலில் சோர்ந்திருந்தார். மூடியைத் திறந்தார். வரிசை வரிசையாக ஊசிகள். மூடியைச் சாத்திவிட்டு மறுபடி திறந்தார்.

"பொரிச்சுச் சாப்பிடவா?" என்று கேட்டார். இந்த ஊரில் பூச்சி பொரித்துச் சாப்பிடுவது சாதாரணம்.

"மஹௌபூ, மஹௌபூ" என்று தலையாட்டினேன். இல்லை என்று சொல்லிவிட்டேன். பிறகு என்னவென்று சொல்ல என் கடைத்தெருப் பர்மியத்தில் வார்த்தை இல்லை.

"மருந்துக்கா? விக்கவா?" அவர் குரல் ஏறியது. உள்ளே இன்னொருவரைக் கூப்பிட்டார். அந்த இன்னொருவர் வந்தால் அவரும் ஒருவரைக் கூப்பிடுவார், அவர் நேப்பிடோவில் இருப்பார்.

எஸ்தர் முன்னால் போனாள். இரண்டு கையையும் மேஜைமேல் மரியாதையாக வைத்துக்கொண்டு பேசினாள். இந்தத் தடவை எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

"இதெல்லாம் ஆப்பிரிக்காவுல பிடிச்சது, ஊலே. செத்து ரொம்ப வருஷமாச்சு. இதுங்களுக்கு இன்னும் பேரு இல்ல. எங்கம்மா ஸயாமா, ஆராய்ச்சி பண்ற டீச்சர். எது எதுனு பிரிச்சுப் பார்த்துப் பேரு வைப்பாங்க. தப்பா இருந்தா பேரை எடுத்தும் விடுவாங்க."

அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. இப்போது அவருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை.

"எத்தனை பேரு வெச்சிருக்காங்க?"

"ஒண்ணு."

"எடுத்தது?"

"அதுவும் ஒண்ணுதான்" என்றாள் என் மகள். நிமிர்ந்து நின்றுகொண்டு, சிரிப்பை அடக்காமல் சொன்னாள். "அது என் பேரு."